உரிமையாளர் அமெரிக்காவில், அட்வான்ஸ் சித்தப்பா கணக்கில்

கேள்வி: என் கணவருக்குச் சென்னையிலிருந்து சேலத்துக்கு மாற்றலாகியிருக்கிறது. எனக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி உண்டு. நடக்கச் சிரமப்படும் மாமனாரும் ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும் எங்களோடு வருகிறார்கள். அழகாபுரத்தில் ஒரு புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில், ஆறாவது மாடியில், மூன்று பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ், மாடுலர் கிச்சன், நான்கு ஏசி, மூன்று கீசர் எல்லாம் உண்டு. வாடகை 36,000, பராமரிப்பு தனியாக 6,500, அட்வான்ஸ் பத்து மாதம். உரிமையாளர் அமெரிக்காவில் வேலையில் இருக்கிறார். அவருடைய சித்தப்பா இங்கே பார்த்துக்கொள்கிறார். வாடகை, அட்வான்ஸ் இரண்டையும் தன் கணக்கிலேயே போடச் சொல்கிறார். 20 ரூபாய் பத்திரத்தில் பதினோரு மாத ஒப்பந்தம் போதும் என்கிறார். "ஆடி பிறப்பதற்குள் பால் காய்ச்சிவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று அவசரப்படுத்துகிறார். சின்னத்திருப்பதியில் 22,000 வாடகைக்குத் தரைத்தள வீடு ஒன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் மாடியில் குடியிருக்கிறார். எதை எடுக்கலாம்?

– வாசகி, சென்னை

பதில்: அந்த அவசரத்திலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. ஆடியில் சேலத்தில் யார் வீடு மாறுகிறார்கள்? கோட்டை மாரியம்மன் பண்டிகை, பதினெட்டாம் பெருக்கு என்று ஊர் வேறு வேலையில் இருக்கும். அவர் சொல்லும் "வேறு ஆள்" வந்தாலும் ஆவணியில்தான் வருவார். ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் ஃபிளாட் பூட்டிக் கிடக்குமே என்ற கவலை அவருக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. மாதம் 42,500 கொடுத்து வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். இங்கே அவ்வளவு கொடுக்க வசதியுள்ளவர்களில் பெரும்பாலோர் பேர்லேண்ட்ஸிலோ சொர்ணபுரியிலோ சொந்த வீட்டில் இருக்கிறார்கள். மாற்றலில் வரும் அதிகாரிகள், மருத்துவமனைகளுக்கு வரும் டாக்டர்கள், உங்களைப் போல வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் என்று வாடகைக்குக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆகவே பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதை வாடகையில் இரண்டாயிரம் குறைக்கச் செலவழித்துவிடாதீர்கள். காகிதங்களைச் சரியாக வாங்குவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 36,000 அல்ல, சித்தப்பாவின் வங்கிக் கணக்கு.

வாடகை வருமானம் உரிமையாளருடையது. அது சித்தப்பா கணக்கில் விழுந்தாலும் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் உரிமையாளருக்குத்தான் போகிறது. அவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாடு வாழ்பவர் என்றால், அவருக்கு வாடகை கொடுக்கும் நீங்கள் ஒவ்வொரு மாதமும் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். இப்படிக் கொடுக்கும்போதே பிடிக்கும் வரிக்குத்தான் டிடிஎஸ் என்று பெயர். "மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தானே டிடிஎஸ்?" என்று பலர் கேட்பார்கள். அந்த வரம்பு உள்நாட்டில் வசிக்கும் உரிமையாளருக்கு. அதற்கு 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம்தான். வெளிநாட்டில் இருப்பவருக்கு வரம்பே கிடையாது. ஆயிரம் ரூபாய் வாடகை என்றாலும் பிடிக்க வேண்டும். விகிதம் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம். உங்கள் 36,000-இல் 11,232 ரூபாய் அரசுக்குப் போக வேண்டும். இதற்கு, வரி பிடிப்பவர்களுக்கு வருமான வரித் துறை கொடுக்கும் டான் எண் வாங்கி, பிடித்த வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்து, உரிமையாளருக்குச் சான்றிதழும் கொடுக்க வேண்டும்.

பிடிக்காமல் விட்டால் அந்த வரியையும் மாதாமாதம் ஏறும் வட்டியையும் உங்களிடம்தான் கேட்பார்கள். உரிமையாளர் கலிஃபோர்னியாவில் இருப்பார், நோட்டீஸ் அழகாபுரத்துக்கு வரும். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்று சித்தப்பா சொல்லக்கூடும். உங்கள் கணவர் பழைய வரித் திட்டத்தில் இருந்து வீட்டு வாடகைப்படிக்கு விலக்குக் கேட்டால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டு உரிமையாளரின் பான் எண்ணை எழுதித் தர வேண்டும். 4,32,000 ரூபாய்க்கு அந்த பான் எண்ணை எழுதிய நாளிலேயே தெரிந்துவிடும். சித்தப்பாவின் பான் எண்ணை எழுதுவது பொய்க் கணக்கு, அந்தப் பக்கமே போகாதீர்கள். இதே பேச்சில் இன்னொரு தகவல்: வாடகைப்படி விலக்குக்குச் சென்னையில் சம்பளத்தின் 50 சதவீதம் என்று இருக்கும் உச்சவரம்பு சேலத்தில் 40 சதவீதம். புதிய வரித் திட்டத்தில் இருந்தால் இந்த விலக்கே இல்லை.

இதற்கு வழி இல்லாமலில்லை. உரிமையாளர் தன் உண்மையான வரி குறைவு என்று காட்டி, வருமான வரித் துறையிடமிருந்து குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சான்றிதழ் வாங்கித் தரலாம். அல்லது ஃபிளாட் அவர் பெயரிலும் இங்கேயே வசிக்கும் அவருடைய அம்மா பெயரிலும் கூட்டாக இருக்கலாம். அப்படியானால் அம்மாவின் பங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. முதலில் கேட்க வேண்டியது, பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்பது. அமெரிக்காவில் பல வருடம் இருப்பவர்களுக்கு இந்த வரி விவரம் தெரிந்தே இருக்கும். நீங்கள் பேச்சை எடுத்ததும் "வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் மட்டும் அனுப்புங்கள்" என்று சொல்பவர் நல்ல வீட்டுக்காரர். "அதெல்லாம் வேண்டாம்" என்று மழுப்பினால், அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் நாளிலும் அதே மழுப்பலைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

அந்த அட்வான்ஸுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருப்பது, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. புதிய சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும். இந்த "ஆனால்" முக்கியம். பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டம் மூன்று மாதம் என்கிறதே என்று கேட்க முடியாது. 3,60,000 எங்கே, 1,08,000 எங்கே? மூன்று மாதத்தில் தொடங்குங்கள், நான்கு வரை போகலாம். அதற்கு மேல் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் கழித்துக்கொண்டு, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்.

சித்தப்பா கையெழுத்துப் போடலாமா? போடலாம், அதிகாரம் இருந்தால். உரிமையாளர் கொடுத்த பவர் பத்திரத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் எழுதியது என்றால் அங்கே இந்தியத் தூதரகத்திலோ நோட்டரியிடமோ சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். வாடகைக்கு விடவும் பணம் வாங்கவும் அதில் அதிகாரம் கொடுத்திருக்கிறார்களா என்று வரி வரியாகப் படியுங்கள். "வீட்டைப் பராமரிக்க" என்று மட்டும் எழுதிய பவர்களும் உண்டு. உரிமையாளர் சார்பில் ஒருவர் வீட்டை நிர்வகித்தால், அவர் யார், எதற்கெல்லாம் அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு என்று வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017 சட்டமும் சொல்கிறது. பவர் சரியாகவே இருந்தாலும் பணத்தை உரிமையாளரின் இந்திய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். வெளிநாடு வாழ்பவர்கள் இங்கே வரும் வாடகைக்காக வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கு அவருக்கு இருக்கும். மரியாதைக்காகச் சித்தப்பாவிடம் தாம்பூலத் தட்டில் 101 ரூபாய் வைத்துக் கொடுங்கள், அது போதும்.

20 ரூபாய் பத்திரமும் பதினோரு மாதமும் நம் ஊர்ப் பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. ஆனால் 2017 சட்டப்படி எத்தனை மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். இரு தரப்பின் அடையாளச் சான்று, ஒப்பந்தம், புகைப்படம் இருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடலாம். பதிவு எண் இல்லாமல் நாளை வாடகை நீதிமன்றப் படி ஏறினால் முதல் தடையே அங்கேதான். முத்திரைத் தீர்வையும் 20 ரூபாயில் முடிகிற விஷயமில்லை; வாடகை, முன்பணம் எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடுவது. முன்பணம் குறைந்தால் இதுவும் குறையும்.

கையெழுத்துக்கு முன் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. வங்கியில் அடமானம் இருந்தால் அதில் தெரியும். வீட்டுக் கடன் இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். தவணை ஒழுங்காகப் போகிறதா என்று மட்டும் கேளுங்கள். கடன் நின்றுபோய் வங்கி வீட்டைக் கைப்பற்றினால், அடமானத்துக்குப் பிறகு வங்கியைக் கேட்காமல் வந்த வாடகைதாரரின் நிலை மிகவும் பலவீனம். இதுவும் சிறிய முன்பணம் கொடுக்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இனி வீட்டுக்குள் போவோம். சேலத்தில் வீடு பார்க்கிறவர்கள் குழாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாநகராட்சி கொடுப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர், நல்ல தண்ணீர். ஆனால் நாள் முழுக்க வருவதில்லை, பெரிய குடியிருப்பின் எல்லாத் தேவைக்கும் போதுவதுமில்லை. மீதிக்கு போர், அது வற்றினால் லாரி. இந்த ஊர் மண்ணில் வெள்ளைக்கல் எடுக்கிறார்கள். ஏற்காடு அடிவாரத்துக்கும் ஓமலூர் சாலைக்கும் இடையில் மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட பாறைக்குள்ளிருந்து வரும் போர் தண்ணீர் பல இடங்களில் கடும் உப்பு. குளியலறை ஷவரைக் கழற்றிப் பாருங்கள். துளைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தால் கதை புரிந்துவிடும். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் இருக்கிறது என்பார்கள். அது ஓடுகிறதா, உப்பு கடைசியாக எப்போது போட்டார்கள் என்று கீழே இருக்கும் பிளம்பரிடம் கேளுங்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளரைவிட அவர் சரியாகச் சொல்வார். சமையலறையில் காவிரித் தண்ணீருக்குத் தனிக் குழாய் உண்டா என்பதும் முக்கியம்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017 சட்டத்தின் அட்டவணை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது யார் எதைப் பழுதுபார்ப்பது என்று பிரித்து வைத்திருக்கிறது. கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளர் தலையில். குழாய் வாஷர், கீசர், வாஷ் பேசின், சுவிட்சு, சமையலறைப் பொருத்துகள், கண்ணாடி, பூட்டு ஆகியவை உங்கள் தலையில். சாதாரண வீட்டில் இந்தப் பட்டியல் சில நூறு ரூபாய்ச் செலவு. மூன்று கீசரும் இறக்குமதி செய்த குழாய்களும் மாடுலர் கிச்சனும் இருக்கும் வீட்டில், உப்புத் தண்ணீரும் சேர்ந்துகொண்டால், வீட்டின் சொகுசு ஏற ஏற உங்கள் பில்லும் ஏறும். விளம்பரத்தில் வசதி என்று அச்சடித்த ஒவ்வொன்றும் சட்டத்தின் அட்டவணையில் உங்கள் பொறுப்பாக மாறிவிடுகிறது.

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேளுங்கள்: கீசர், ஏசி, சிம்னி, அடுப்பு, தண்ணீர்ச் சுத்திகரிப்பான் ஆகியவை வயதாகியோ தண்ணீரின் தன்மையாலோ பழுதானால் உரிமையாளர் செலவு, எங்கள் கவனக்குறைவால் உடைந்தால் எங்கள் செலவு. இதற்கு இணைப்பாக ஒவ்வொரு பொருளின் பெயர், மாடல், இப்போதைய நிலை, ஒரு படம். குடிபோகும் அன்றே வீடு முழுக்க வீடியோ எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்போம்" என்ற வரி வரைவில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வெள்ளையடிப்பது அவர்கள் வேலை.

நீச்சல் குளம், ஜிம், கிளப் ஹவுஸ் பற்றிச் சுருக்கமாக. ஒரு வாரநாள் இரவு எட்டு மணிக்குப் போய்க் கீழே நின்று விளக்கு எரியும் ஜன்னல்களைப் பாருங்கள். சிறு நகரங்களில் இப்படிப்பட்ட குடியிருப்புகளை முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டிப் போட்டவர்கள் நிறைய. பாதி வீடு இருட்டாக இருந்தால் பராமரிப்புப் பணம் முழுசாக வசூலாகாது, முதலில் குளம்தான் பாசி பிடிக்கும். வசூல் செய்வது உரிமையாளர் சங்கமா, இன்னும் பில்டரா என்று கேளுங்கள். சங்கம் என்றால் உறுப்பினருக்கு மாதம் 7,500 வரை ஜிஎஸ்டி இல்லை, உங்கள் 6,500 அதற்குள் வருகிறது. பில்டர் பில் போட்டால் 18 சதவீதம் கூடலாம். சங்கத்தில் வாக்கு உரிமையாளருக்கு, உங்களுக்கில்லை. ஆகவே லிஃப்ட் மாற்றுவது, மொத்தமாக பெயின்ட் அடிப்பது போன்றவற்றுக்கு வரும் சிறப்பு வசூல் உரிமையாளருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஆறாவது மாடி உங்கள் மாமனாருக்கு முழுக்க லிஃப்டைப் பொறுத்தது. மின்தடை நேரத்தில் ஜெனரேட்டர் லிஃப்டை இழுக்கிறதா, வீட்டுக்குள் எத்தனை பாயின்ட் எரியும், உங்கள் வேலைக்கான இணைய ரவுட்டர் அதில் சேருமா என்று பாருங்கள். கடைசி மின் கட்டண ரசீதையும் கேளுங்கள். இணைப்பு வீட்டு உபயோகப் பிரிவில் இருக்க வேண்டும். கட்டடம் நிறைவுச் சான்று வாங்காமல் தற்காலிக இணைப்பில் ஓடினால் கட்டணம் மிக அதிகம், முதல் 100 யூனிட் இலவசமும் கிடைக்காது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும் என்பதால், சேலத்துச் சித்திரை வெயிலில் நான்கு ஏசியையும் ஒன்றாகப் போடும் ஆசையைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டிவரும்.

ஐந்து ரோட்டு மேம்பாலத்தின் பக்கம் பால்கனி பார்த்திருந்தால், மாலை ஆறரைக்கு அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள்; நீங்கள் அலுவலகக் கூட்டங்களில் பேச வேண்டியவர். "சேர்வராயன் மலை தெரியும்" என்று சித்தப்பா நிச்சயம் சொல்லியிருப்பார். இந்த ஊரில் நான்காவது மாடிக்கு மேல் போனால் வடக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று எந்தப் பக்கமும் ஏதாவது ஒரு மலை தெரியும். அதற்காகத் தனியாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

சின்னத்திருப்பதி வீட்டுக்கும் இதற்கும் மாதம் 20,500 வித்தியாசம், வருடத்துக்கு 2,46,000. தரைத்தளம், மாமனாருக்கு லிஃப்ட் கவலை இல்லை. வீட்டுக்காரர் மாடியிலேயே இருப்பதால் வரிப் பிடித்தமும் பவர் பத்திரமும் பேச்சிலேயே வராது. இரவு எத்தனை மணிக்கு கேட் பூட்டுவார்கள், அசைவம் சமைக்கலாமா, விருந்தாளி வந்தால் முகம் சுளிப்பார்களா என்பதுதான் அங்கே கேட்க வேண்டியவை. கணவர் வெளியூர் போகும் நாட்களில் நீங்களும் முதியவரும் குழந்தையும் மட்டும் இருப்பீர்கள் என்பதையும், மகளுக்கு விளையாடத் துணை வேண்டும் என்பதையும் பார்த்தால் எனக்கு ஃபிளாட்தான் பொருத்தமாகப் படுகிறது. அமெரிக்காக்காரர் வீடியோ அழைப்பில் வந்து, வரிப் பிடித்தத்துக்கும் நான்கு மாத முன்பணத்துக்கும் பதிவுக்கும் சம்மதித்தால் அதையே எடுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மறுத்தாலும் சின்னத்திருப்பதியில் பால் காய்ச்சுங்கள்.

உங்கள் கணவர் மாற்றலில் வருகிறவர் என்பதால், எந்த வீடாக இருந்தாலும் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்யலாம், மீதி மாதங்களுக்கு வாடகை கேட்கக்கூடாது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய நிறுவனம் தன் பெயரில் வீட்டை எடுக்க முன்வந்தால் அவர்களுடைய கணக்காளரிடம் ஜிஎஸ்டி கேட்டுவிட்டுச் செய்யட்டும். குடும்பம் குடியிருக்க நீங்கள் உங்கள் பெயரில் எடுத்தால் வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். சித்தப்பா டோக்கன் கேட்பார். 5,000 ரூபாய் மட்டும், உரிமையாளர் கணக்குக்கு, வங்கி வழியாக அனுப்புங்கள். அனுப்பும்போதே "பவர் பத்திர நகல், சொத்துவரி ரசீது, மின் ரசீது, ஒப்பந்த வரைவு ஆகியவற்றைப் பார்த்துத் திருப்தியான பிறகே ஒப்பந்தம், இல்லையென்றால் இந்தத் தொகை ஏழு நாளில் திரும்ப வேண்டும்" என்று இருவருக்கும் ஒரே செய்தியாக அனுப்பி, "சரி" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒப்பந்த வரைவு வந்ததும் கையெழுத்துக்கு முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.